மருமகள் கியூபாப் பிள்ளை, மகனுக்கும் கார்ட் கிடைக்குமா?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என் மகன் 2022இல் பிரேசில் வழியாகப் போய், மெக்சிக்கோ எல்லையைக் கடந்து அமெரிக்காவுக்குள் போனவர். அகதிக் கேஸ் இன்னும் முடியவில்லை. மியாமியில் வேலை செய்த இடத்தில் பழகிய ஒரு கியூபாப் பிள்ளையைப் போன வருடம் பதிவுத் திருமணம் செய்திருக்கிறார். அவவும் அதே வருடம் அதே எல்லையால் வந்தவ. நல்ல பிள்ளை, வீடியோவில் என்னை 'அம்மா' என்றுதான் கூப்பிடுகிறா. "கியூபாக்காரர் ஒரு வருடமும் ஒரு நாளும் இருந்தால் கிறீன் கார்ட், கட்டினவருக்கும் சேர்த்துத்தான்" என்று அங்குள்ள ஒருவர் சொல்லி, எல்லாம் செய்து தர 8,000 டொலர் கேட்கிறார். காணியை ஈடு வைத்துக் கொடுக்கவா?
– ஒரு தாய், கரவெட்டி

பதில்: வேண்டாம் அம்மா. காணி உறுதி இருந்த இடத்திலேயே இருக்கட்டும்.

காசு கேட்கிறவர் இல்லாத சட்டத்தைச் சொல்லவில்லை. 1966ஆம் ஆண்டு நவம்பரில் வந்த, கியூபாக்காரருக்கென்றே செய்யப்பட்ட சட்டம் ஒன்று இருக்கிறது. கியூபாவில் பிறந்தவரோ அந்த நாட்டுக் குடியுரிமை உள்ளவரோ அமெரிக்காவில் ஒரு வருடம் இருந்துவிட்டால் நிரந்தர வதிவிடத்துக்கு விண்ணப்பிக்கலாம். முதலில் இரண்டு வருடமாக இருந்தது, பிறகு ஒன்றாகக் குறைத்தார்கள். மற்ற நாட்டு அகதிகளைப் போல 'ஊரில் எனக்கு உயிராபத்து' என்று நிரூபிக்கத் தேவையில்லை. அதைவிட, அவரோடு சேர்ந்து வாழும் கணவனோ மனைவியோ எந்த நாட்டவர் என்றாலும், யாழ்ப்பாணத்தார் என்றாலும், அதே சட்டத்தில் விண்ணப்பிக்கலாம். இவ்வளவும் சரி.

ஆனால் அதே சட்டத்தில் ஒரு நிபந்தனை இருக்கிறது. விண்ணப்பிப்பவர் எல்லையில் அதிகாரிகளால் முறையாகப் பரிசோதித்து உள்ளே விடப்பட்டவராகவோ, 'பரோல்' (விசா இல்லாதவரைத் தற்காலிகமாக உள்ளே இருக்க விடும் அனுமதி, சிறைப் பரோல் அல்ல) கொடுத்து விடப்பட்டவராகவோ இருக்க வேண்டும். 2021க்குப் பிறகு மெக்சிக்கோ எல்லையால் வந்த ஏராளமான கியூபாக்காரருக்குப் பரோல் கடுதாசி கொடுக்கவில்லை. 'ஐ-220ஏ' என்று ஒரு கடுதாசியைக் கையில் கொடுத்து, 'கூப்பிடும்போது நீதிமன்றத்துக்கு வா' என்று விட்டுவிட்டார்கள். ஒரே நாளில் ஒரே ஆற்றைக் கடந்த அண்ணனுக்கு ஒரு கடுதாசி, தம்பிக்கு வேறொன்று என்றுகூட நடந்திருக்கிறது. அப்போது யாருக்கும் அதன் வித்தியாசம் விளங்கவில்லை. 2023 செப்டெம்பரில் குடிவரவு மேன்முறையீட்டுச் சபை, ஐ-220ஏ என்பது பரோல் அல்ல என்று தீர்ப்புச் சொன்னது. அத்தோடு ஆயிரக்கணக்கான கியூபாக்காரருக்கு அந்தச் சட்டத்தின் கதவு அடைபட்டது. அந்தத் தீர்ப்பை எதிர்த்து மேல் நீதிமன்றங்களுக்கும் போயிருக்கிறார்கள்.

ஆகவே இன்றைக்கே மகனுக்குப் போன் எடுத்து, மருமகளின் கையில் இருப்பது எந்தக் கடுதாசி என்று கேளுங்கள். அப்புறம் மகனின் கடுதாசியையும் கேளுங்கள், ஏனென்றால் மனைவிக்குப் பரோல் இருந்தால் மட்டும் போதாது, அவரும் தன் பங்குக்கு முறையாக விடப்பட்டவராகவோ பரோல் பெற்றவராகவோ இருக்க வேண்டும், ஒரு வருடம் இருந்திருக்கவும் வேண்டும். இரண்டு பேருமே வேலியால் வந்து ஐ-220ஏயோடு நிற்கிறார்கள் என்றால், 8,000 அல்ல 80,000 டொலர் கொடுத்தாலும் இப்போதைய தீர்ப்பின்படி அந்த வழியால் கார்ட் வராது.

காசு கேட்கிறவர் தன்னை 'நொத்தாரிசு' என்று சொல்கிறாரா? நம் ஊரில் நொத்தாரிசு என்றால் சட்டத்தரணி, லத்தீன் அமெரிக்க நாடுகளிலும் அப்படித்தான். அமெரிக்காவில் அந்தப் பெயருக்குக் கையெழுத்தை உறுதிப்படுத்துகிறவர் என்று மட்டுமே அர்த்தம், அவர் குடிவரவு வழக்கில் வாயே திறக்கக் கூடாது. மியாமியில் இந்தப் பெயரை வைத்தே எத்தனையோ பேரை ஏமாற்றியிருக்கிறார்கள். பதிவுபெற்ற சட்டத்தரணியிடம் ஒரு தடவை ஆலோசனைக்குப் போகக் காசு கொடுங்கள், அது வீண்போகாது.

மகனின் சொந்த அகதிக் கேஸ் உயிரோடு இருக்கிறது, அதைக் கைவிட வேண்டாம். ஒரு தவணைக்குப் போகாமல் விட்டாலே, ஆள் இல்லாமலே நாடுகடத்தல் உத்தரவு போடலாம். வீடு மாறினால் 5 நாளுக்குள் நீதிமன்றத்துக்குப் புது விலாசம் கொடுக்க வேண்டும். 'அழைப்பு பழைய வீட்டுக்குப் போய்விட்டது' என்று சொல்லி அழுத தாய்மாரின் கடிதங்கள் இந்த மேசைக்கு நிறைய வந்திருக்கின்றன.

கேள்வி: கியூபாக்காரருக்கு மட்டும் ஏன் தனிச் சட்டம்? நாங்களும் அகதிகள்தானே?
– சட்ட மாணவி, திருநெல்வேலி

பதில்: உங்கள் கோபம் நியாயம், தங்கச்சி. 1959 புரட்சிக்குப் பிறகு வந்தவர்களைக் கம்யூனிசத்திலிருந்து தப்பியவர்களாகவே அமெரிக்கா பார்த்தது. 1961இல் இரு நாட்டு உறவும் அறுந்துபோக, விசா மாற்ற அவர்கள் திரும்பிப் போகவும் ஊரில் தூதரகம் இல்லை. அந்தச் சிக்கலைத் தீர்க்கத்தான் 1966 சட்டம்.

ஆனால் கியூபாக்காரர் எல்லோருக்கும் மாலை மரியாதை கிடைத்தது என்று நினைக்காதீர்கள். 1980இல் கியூபாவின் மாரியேல் துறைமுகத்திலிருந்து சுமார் 1,25,000 பேர் படகுகளில் வந்தார்கள். அவர்களை 'அகதி' என்று ஏற்காமல் 'நுழைந்தோர்' என்று ஒரு புதுப் பெயர் வைத்தார்கள். அதில் குற்றப்பதிவு உள்ள பலரைக் கியூபாவும் திருப்பி எடுக்கவில்லை, அமெரிக்காவும் வெளியே விடவில்லை, தண்டனை முடிந்த பிறகும் வருடக்கணக்கில் சிறையிலேயே கிடந்தார்கள். 1987இல் ஓக்டேலிலும் அட்லாண்டாவிலும் சிறைக் கலவரமே வெடித்தது. 2005இல்தான் உச்ச நீதிமன்றம், அனுப்ப நாடே இல்லாத ஒருவரைக் காலவரையின்றி அடைத்து வைக்க முடியாது என்றது. அந்த வழக்கை நடத்தியவர்கள் இரண்டு மாரியேல்காரர், ஆனால் அந்தப் பாதுகாப்பு எந்த நாட்டவருக்கும் பொருந்தும். நம் பிள்ளைகளுக்கும்தான். படிக்கிற பிள்ளை என்பதால் சொல்கிறேன், அந்தத் தீர்ப்பை முழுதாக வாசியுங்கள்.

கரையில் கால் வைத்தால் இருக்கலாம், கடலில் பிடிபட்டால் திருப்பி அனுப்புவோம் என்று கியூபாக்காரருக்கு இருந்த 1995ஆம் ஆண்டு நடைமுறை 2017 ஜனவரியில் நின்றுவிட்டது. 1966 சட்டம் இன்னும் இருக்கிறது.

கேள்வி: அக்கா 1990இல் தமிழ்நாட்டில் உள்ள மண்டபத்துக்குப் போனவ, இன்னும் முகாமில். அங்கே பிறந்த பிள்ளைகள் எந்த நாட்டவர்?
– மாதகல் வாசகர்

பதில்: அகதிகள் பற்றிய 1951 ஒப்பந்தத்தில் இந்தியா கையெழுத்திடவில்லை, கியூபாக்காரருக்கு இருப்பது போன்ற சட்டமும் அங்கே நமக்கு இல்லை. 1987 ஜூலை 1க்குப் பிறகு பிறந்த பிள்ளைக்கு, தாய் தகப்பனில் ஒருவராவது இந்தியராக இல்லாவிட்டால், அங்கே பிறந்ததால் மட்டும் குடியுரிமை வராது. ஆனால் இலங்கைப் பெற்றோரின் பிள்ளை என்ற வழியில் இலங்கைக் குடியுரிமை பெறலாம். சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் பிறப்பைப் பதிய வேண்டும். ஒரு வருடத்துக்குள் பதிவதுதான் முறை, பிந்தினாலும் காரணம் காட்டி விண்ணப்பிக்கலாம். பிள்ளையின் இந்தியப் பிறப்புச் சான்றிதழும் அக்காவின் இலங்கைப் பிறப்பு அத்தாட்சியும் தேவைப்படும். அக்காவினது தொலைந்திருந்தால், நீங்கள் இங்கே பிரதேச செயலகத்தில் பிரதி எடுத்து அனுப்பலாம், திங்கட்கிழமையே போங்கள்.