கட்டணம் கட்டுமுன் நூலகத்தைப் பற்றிக் கேளுங்கள்

அன்புள்ள அம்மா,

தக்கலையில் ஒரு கடையில் வேலை பார்த்துக்கொண்டே உங்கள் மகள் தொலைநிலைக் கல்வியில் எம்.ஏ. பொருளியல் படிக்க விரும்புவதாகவும், அந்தப் பட்டம் வேலைக்குச் செல்லுமா என்று அஞ்சுவதாகவும் குலசேகரத்திலிருந்து எழுதியிருந்தீர்கள். செல்லும். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2020ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, அனுமதி பெற்று நடத்தப்படும் தொலைநிலைப் பட்டம் நேரடிப் பட்டத்துக்கு இணையானது. அவள் சேரும் ஆண்டில் அந்தப் படிப்புக்கு அனுமதி உள்ளதா என்பதை மட்டும் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவு இணையதளத்தில் பார்த்துவிடுங்கள்.

நீங்கள் கேட்காமல் விட்ட ஒன்றுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. அவளுக்குப் புத்தகம் எங்கிருந்து கிடைக்கும்? கல்லூரி மாணவிக்கு வகுப்பை விட்டு இறங்கினால் நூலகம். ஐயம் கேட்கப் பேராசிரியரும் அங்கேயே இருப்பார். தொலைநிலை மாணவிக்கோ வீட்டுக்கு வரும் பாடநூலும் சில நாள் தொடர்பு வகுப்பும்தான் துணை. ஒப்படைவு (அசைன்மென்ட்) எழுதும்போது பாடநூலைத் தாண்டி ஒரு நூலைப் புரட்ட முடியாதவள், தேர்வில் அந்தப் பாடநூலின் சொற்களையே திருப்பி எழுதுகிறாள். பின்னால் போட்டித் தேர்வுக்கு அமரும்போதுதான் அந்தக் குறை தெரியவருகிறது.

ஆகவே, அவள் சேர நினைக்கும் பல்கலைக்கழகத்தில் தொலைநிலையில் முன்பு படித்த இரண்டு மூன்று பேரிடம் விசாரியுங்கள். ஆனால், நூலகம் திருப்தியாக இருந்ததா என்று கேட்காதீர்கள்; ஒரு நாளும் நூலகத்துக்குப் போகாதவரும் அதற்கு ஆம் என்றே சொல்லிவிடுவார். நூலகச் சேவையை அளக்கும் ஆய்வாளர்கள், குறைந்தது எவ்வளவு வேண்டும், எவ்வளவு கிடைத்தால் நல்லது, உண்மையில் எவ்வளவு கிடைக்கிறது என மூன்றாகப் பிரித்துக் கேட்டு, இடையே உள்ள தூரத்தைப் பார்ப்பதுண்டு. நீங்களும் அப்படியே, கடைசியாக எந்த நூலைத் தேடினீர்கள், எத்தனை நாளில் கிடைத்தது, பல்கலைக்கழகத்தின் கற்போர் உதவி மையத்தில் இரவல் தருகிறார்களா அல்லது அங்கேயே உட்கார்ந்து படிக்க வேண்டுமா, மின்னூலகத்துக்குக் கடவுச்சொல் தந்தார்களா என்று கேளுங்கள்.

பல்கலைக்கழகத்தை மட்டும் நம்பியிருக்கவும் வேண்டாம். இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் பாடநூல்கள் இ-ஞானகோஷ் தளத்தில் இலவசமாக உள்ளன. காரக்பூர் ஐ.ஐ.டி. உருவாக்கிய தேசிய மின்னூலகம் 2018 முதல் எல்லாருக்கும் திறந்திருக்கிறது. இருந்தாலும், நாள் முழுதும் கடையில் நின்றுவிட்டு வருகிறவள் செல்போன் திரையில் ஒரு முழு நூலைப் படிப்பது எளிதன்று. அச்சு நூல் கையில் இருக்க வேண்டும் என்பதே என் கருத்து. உங்கள் வீட்டு வரியில் ரூபாய்க்கு 10 காசு வீதம் நூலக வரி சேர்கிறது; ஆகையால் நாகர்கோவில் மாவட்ட மைய நூலகத்தில் உரிமையோடு உறுப்பினராகலாம்.

கட்டணம் கட்டுமுன், பாடத்திட்டத்தின் இறுதியில் உள்ள பார்வை நூல்களின் பட்டியலை எடுத்துக்கொண்டு, மகள் ஒரு விடுப்பு நாளில் அங்கே போய்வரட்டும். எவை கிடைத்தன, எவை கிடைக்கவில்லை என்று எனக்கு எழுதுங்கள். கிடைக்காதவற்றை எங்கே தேடலாம் என்று சேர்ந்து பார்ப்போம்.