ராமநாதபுரத்தில் நாள் முழுக்க ஓட்டும்படி சவாலான சைக்கிள் சுற்று உண்டா?

நீங்கள் கேட்டது இதுதான்: கொடைக்கானல், மூணாறு பக்கம் ஏரிகளைச் சுற்றி ஏறி இறங்கி நாள் முழுக்க சைக்கிள் ஓட்டிப் பழக்கம், இப்போது ராமநாதபுரத்துக்கு மாற்றல், மேடே இல்லாத இந்த ஊரில் உருப்படியாக ஓட்ட ஏதாவது இருக்கிறதா?

இருக்கிறது. நான் இந்த மண்ணில் பிறந்தவன், அதனால் பதில் கொஞ்சம் சூடாக வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். மாற்றல் உத்தரவு கையில் வந்ததும் வீட்டில் என்ன பேசியிருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். அதைப் பிறகு சொல்கிறேன், முதலில் வழி.

ராமநாதபுரத்திலிருந்து விடியுமுன் கிளம்பி திருப்புல்லாணி, கீழக்கரை, ஏர்வாடி, அப்புறம் கிழக்குக் கடற்கரைச் சாலையிலேயே சாயல்குடி. அங்கே சாப்பிட்டுவிட்டு உள்நாட்டு வழியாகத் திரும்பி சிக்கல், உத்தரகோசமங்கை, மறுபடி ராமநாதபுரம். கிட்டத்தட்ட நூறு கிலோமீட்டர். கண்மாய்களைப் பார்க்க உள்ளே ஒதுங்கினால் இன்னும் கூடும். போகும்போது இடது கைப் பக்கம் மன்னார் வளைகுடா, வரும்போது இரண்டு பக்கமும் கண்மாய், பனை, மிளகாய்க் காடு. தை மாதத்துக்குப் பிறகு வந்தால் களத்தில் குண்டு மிளகாய் காயப் போட்டிருப்பார்கள், சாலையில் போகும்போதே மூக்கில் ஏறும்.

இதில் சவால் எங்கே என்று கேட்பீர்கள். காற்றில். நீங்கள் இருபது கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது எதிரே அதே இருபதில் காற்று அடித்தால், உடம்பின் மேல் விழும் காற்றின் தடை நான்கு மடங்காகிறது. ஏற்றத்திலாவது அடுத்த வளைவு வரைக்கும்தான் என்று மனதைத் தேற்றிக்கொள்ளலாம். இங்கே ஐந்து கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் பனை கூடத் தெரியும், அது பக்கத்தில் வரவே வராது.

ஆனி, ஆடியில் கச்சான் காற்று மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் அடிக்கும். சாயல்குடி இருப்பதும் தென்மேற்கில்தான். அப்போது விடியற்காலையில், காற்று எழும்புவதற்குள், எதிர்த்துப் போய்விட வேண்டும். மத்தியானம் திரும்பும்போது அதுவே முதுகைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு வந்து விடும். மார்கழி, தையில் இது அப்படியே தலைகீழ். வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து வரும். போகும்போது சிரித்துக்கொண்டே போவீர்கள், வரும்போது களைத்த காலோடு அதை நேருக்கு நேர் வாங்க வேண்டும். ஆனால் பறவைகள் வருவது அந்த மாதங்களில்தான். கண்மாய்களில் தண்ணீர் நிற்பதும் அப்போதுதான். அதனால் நான் எப்போதும் தை மாதத்தைத்தான் சொல்வேன்.

அக்கா மகன் போடியில் இருக்கிறான். போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளையும் சைக்கிளில் ஏறுகிறவன். தைப் பொங்கலுக்கு வந்தபோது அவனை இந்தச் சுற்றுக்குக் கூட்டிப் போனேன். கீழக்கரையில் தொதல் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டோம். அரிசி மாவும் தேங்காய்ப்பாலும் சேர்த்து மணிக்கணக்காகக் கிண்டி எடுத்த கறுப்பு அல்வா மாதிரி இருக்கும், விரலில் எண்ணெய் ஒட்டும், ஒரு துண்டு தின்றால் இருபது கிலோமீட்டருக்குத் தாங்கும். கடையில் விற்கும் சத்து மாவுக் கட்டிகளை எல்லாம் இதற்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். சாயல்குடி வரை அவன் எனக்கு முன்னால் பறந்தான். “என்ன மாமா, இதுக்கா இவ்வளவு சொன்னீங்க?” என்றான். நான் ஒன்றும் சொல்லவில்லை.

சிக்கல் தாண்டியதும் பேச்சு நின்றது. பனை ஓலை முழுக்க எங்களைப் பார்த்து மடங்கியிருந்தது. எவ்வளவு மிதித்தும் பன்னிரண்டுக்கு மேல் வேகம் ஏறவில்லை. “மாமா, மலையில ஏறி முடிச்சா இறக்கம் வரும். இங்க என்ன வரும்?” என்று கேட்டான். “பின்னால ஒட்டிக்க மாப்ளே, கொஞ்ச நேரம் நான் முன்னால போறேன்” என்றேன். மாறி மாறி முன்னால் போனோம். ஒரு சக்கர இடைவெளியில் ஒட்டிக்கொண்டு வந்தால் பின்னால் வருகிறவருக்குப் பாரம் நன்றாகக் குறையும். தனியாக வருவதாக இருந்தால் தை மாதத்தில் இந்தப் பக்கம் வேண்டாம்.

சாலை கண்மாய்க் கரையை ஒட்டிப் போகிற இடத்தில் காற்று சட்டென்று அறுந்துபோகும். அதுவரை காதில் இரைந்தது போய், செயின் பல்சக்கரத்தில் உட்காரும் சத்தம் கேட்கும். கரை முடிந்து, கண்மாய் நிறைந்தால் தண்ணீர் வழிந்து வெளியேறும் கலுங்கு வரும் இடத்தில், அந்தத் தாழ்ந்த வாய் வழியாகக் காற்று பக்கவாட்டில் பாய்ந்து முன்சக்கரத்தைத் தள்ளும். ஹேண்டில்பாரைத் தளர்வாகப் பிடித்திருந்தால் அந்த இடத்தில் வயலுக்குள்தான் போவீர்கள்.

அங்கே ஒரு அம்மா தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கி அதே காற்றுக்கு எதிரே தள்ளிக்கொண்டு வந்தார்கள். எங்கள் பாட்டில் காலியாக இருப்பதைப் பார்த்து அவர்களாகவே நிறுத்தினார்கள். “ஊருணித் தண்ணிதான், குடிங்க தம்பி” என்று சொல்லி இரண்டு பாட்டிலையும் நிரப்பிவிட்டுத்தான் விட்டார்கள்.

இதைச் சொல்லும்போது ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கேள்விக்குச் சம்பந்தம் இல்லை என்று சிலர் எழுதுவீர்கள், எழுதுங்கள். அக்காவுக்கு முதலில் வந்த வரன் காவிரிப் பாசனப் பக்கம். எல்லாம் பொருந்தியது. கடைசியில் பையனின் சித்தப்பா, “தண்ணியில்லாக் காட்டுல பொண்ணு எடுத்தா நாளைக்கு நம்ம எப்படிப் போய் வர்றது” என்று எங்கள் வீட்டுத் திண்ணையிலேயே உட்கார்ந்து சொன்னார். அவர் கையில் அம்மா கொடுத்த சொம்பு இருந்தது. அப்பா பதில் பேசவில்லை. இன்றைக்கும் மாற்றல் என்றால் தண்டனை என்று இந்த ஊரின் பெயரைச் சொல்லிப் பயம் காட்டுகிறார்கள். மழைத் தண்ணீரைச் சொட்டு விடாமல் பிடித்து வைக்க இத்தனை கண்மாயும் ஊருணியும் வெட்டிய ஊருக்கு இந்தப் பெயரா? சித்திரங்குடி, கஞ்சிரங்குளம் இரண்டும் 2022-லும், சக்கரக்கோட்டை, தேர்த்தங்கால் இரண்டும் 2025-லும் முக்கியமான ஈரநிலங்களுக்கான உலகப் பட்டியலான ராம்சார் பட்டியலில் ஏறின. உலகம் மதிக்கிற ஈரநிலம் எங்கள் கண்மாய்கள். பக்கத்து ஜில்லாக்காரருக்கு மட்டும் இது இன்னும் காடு.

சரி, சைக்கிளுக்கு வருகிறேன். இங்கே உங்கள் முதல் எதிரி கருவேல முள். சீமைக்கருவேலம் சாலை ஓரம் வரை வளர்ந்திருக்கும், வெட்டிப் போட்ட கிளையை ட்ராக்டரில் கரிமூட்டத்துக்கு ஏற்றிப் போகும்போது சிந்திக்கொண்டே போவார்கள். முள் டயருக்குள் ஏறினால் வெளியே தெரிகிற பாதி முறிந்துவிடும், உள்ளே இருக்கிற பாதி அப்படியே நிற்கும். டியூபை மாற்றிப் போட்டு நூறு மீட்டர் போனதும் மறுபடி காற்று இறங்கும். டியூபை மாட்டும் முன் டயரின் உட்பக்கத்தை விரலால் மெதுவாகத் தடவி, நுனி தட்டுப்படும் இடத்தில் இடுக்கியால் பிடுங்குங்கள். இரண்டு டியூப், ஒட்டுப்போடும் சாமான், இடுக்கி இல்லாமல் கிளம்பாதீர்கள். ராமநாதபுரத்தை விட்டால் கியர் சைக்கிளுக்கு உதிரிபாகம் கிடைப்பது கஷ்டம். உப்புக்காற்று பட்ட செயினை அன்று ராத்திரியே துடைத்து எண்ணெய் விடுங்கள், மறுநாள் பார்த்தால் சிவந்திருக்கும்.

பாம்பன் பாலம், தனுஷ்கோடியை ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்கள். அரிச்சல்முனை வரை சைக்கிளில் போவது அருமையான அனுபவம்தான், நானும் போவேன். ஆனால் போன சாலையிலேயே திரும்ப வேண்டும், அது சுற்று ஆகாது. பாலத்தின் மேல் படம் எடுக்க வண்டியை நிறுத்துகிறவர்களுக்கு நடுவே, குறுக்குக் காற்றில் சைக்கிளை நிமிர்த்திப் பிடிப்பது ஆபத்து. விடியற்காலையில் போனால் மட்டும் சரி.

இன்னொரு கூட்டமும் வரும்: எங்கள் ஊர் மீன்காரர் கியர் இல்லாத சைக்கிளில் பின்னால் கூடை கட்டி இதே சாலையில்தான் போகிறார், இதில் என்ன சாதனை என்று. உண்மை. அவருடைய கால் பலத்துக்கு முன் நாங்கள் ஒன்றுமே இல்லை. காற்றைப் பற்றி நான் இங்கே எழுதியதில் பாதி, கீழக்கரை டீக்கடையில் அப்படிப்பட்டவர்கள் சொல்லிக் கேட்டதுதான். கேள்வி கேட்டவர் நாள் முழுக்க ஓட்ட வழி கேட்டார், அவருக்குச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

சாயல்குடிப் பக்கம் நேரம் இருந்தால் மேலச்செல்வனூர், கீழச்செல்வனூர் கண்மாய்க்கு ஒதுங்குங்கள். மழை நன்றாகப் பெய்த வருஷமாக இருந்தால் தண்ணீருக்குள் நிற்கும் கருவேல மரங்களில் மஞ்சள் மூக்கு நாரையும் கூழைக்கடாவும் கூடு கட்டியிருக்கும். கரைமேல் சைக்கிளை உருட்டிக்கொண்டு போங்கள், மணி அடிக்காதீர்கள்.

எந்த மாதம் வந்து சேர்கிறீர்கள் என்று கீழே எழுதுங்கள். வாடையா கச்சானா என்று பார்த்து எந்தப் பக்கம் சுற்றலாம் என்று சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமையாக இருந்தால் நானே கூட வருகிறேன், முதல் பத்து கிலோமீட்டர் காற்றை நான் வாங்கிக்கொள்கிறேன்.