ஓவியக் குழுவின் நேரடி அரட்டைக்கு எது ஏற்றது?

வணக்கம் சகோதரி. கொல்லங்கோட்டு ஓவியக் குழுவின் ஞாயிறு மாலை அரட்டைக்கு வாட்ஸ்அப்பா, டெலிகிராமா என்று கேட்டிருந்தீர்கள். டெலிகிராமையே எடுத்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப் குழுவில் ஒருவரின் கைப்பேசி எண் எல்லோருக்கும் தெரியும். பள்ளி மாணவிகளும் இருக்கிறார்கள் என்கிறீர்களே, அவர்கள் எண் எல்லோருக்கும் தெரிவது எனக்குச் சற்றும் பிடிக்கவில்லை. டெலிகிராமில் அமைப்புகளுக்குள் (Settings) போய் எண்ணை மறைத்துவிடலாம்.

படங்களைக் கோப்பாக அனுப்பச் சொல்லுங்கள், இது முக்கியம். பாலக்காட்டுச் சித்தூரில் நான் வரைந்த நெல்வயலைச் சாதாரணப் படமாக அனுப்பினேன். நாற்றின் பச்சைக்குள் கசியவிட்டிருந்த மஞ்சள் காணாமலே போய்விட்டது. கோப்பாக அனுப்பியதும் தாளின் சொரசொரப்புகூடத் தெரிந்தது.

பழைய உரையாடல் புதியவர்களுக்கும் தெரியும்படி வையுங்கள். தமிழ் பேசத் தெரிந்தும் எழுத வராதவர்கள் நம் பக்கத்தில் நிறைய. அவர்கள் குரல்பதிவில் பேசட்டும்.