மரவள்ளித் தேமல் வைரஸ் செல்லுக்குள் பெருகும் விதம்: கேள்வி பதில்

சேலம் மாவட்ட உழவர்களும் மாணவர்களும் கேட்ட கேள்விகளுக்குத் தாவர நோயியல் ஆசிரியர் ஒருவர் அளித்த பதில்கள்.

ஆத்தூர் உழவர்: ஐயா, பூஞ்சண நோய்க்கு மருந்து இருக்கிறது; குச்சிக்கிழங்கில் (மரவள்ளியில்) இலை மஞ்சள் திட்டாகும் தேமலுக்கு மட்டும் ஏன் இல்லை?

பூஞ்சணத்துக்கு அதற்கே உரிய செல் சுவரும் நொதிகளும் உண்டு. மருந்து அவற்றைத் தாக்குகிறது. தேமல் வைரஸிடமோ தலா ஏறத்தாழ 2,700 எழுத்துகள் (டி.என்.ஏ.வின் கட்டுமான அலகுகள்) கொண்ட இரண்டு ஓரிழை டி.என்.ஏ. வளையங்களும் அவற்றை மூடும் புரத உறையுமே உள்ளன. டி.என்.ஏ.வைப் படியெடுக்கும் பாலிமரேஸ் நொதிகூட அதற்குச் சொந்தமில்லை; செடியின் நொதியையே அது பயன்படுத்திக்கொள்வதால், அந்நொதியை முடக்கும் மருந்து செடியையும் முடக்கிவிடும். தேமலுக்கென்று தெளிக்கப்படும் பூச்சிக்கொல்லி, வைரஸைப் பரப்பும் வெள்ளை ஈயைக் குறைக்குமே தவிர, செல்லுக்குள் போய்விட்ட வைரஸைத் தொடாது.

சேலம் கல்லூரி மாணவி: முதிர்ந்த செல் தன் டி.என்.ஏ.வைப் படியெடுப்பதை நிறுத்திவிடுமே, பிறகு வைரஸுக்கு அந்த நொதி எவ்வாறு கிடைக்கிறது?

இந்த வைரஸின் திறமை முழுவதும் அங்கேதான் இருக்கிறது. வெள்ளை ஈ சாற்றுக்குழாயில் செலுத்திய வைரஸின் ஓரிழை டி.என்.ஏ., செல்லின் உட்கருவை அடைந்ததும், செடியின் நொதிகளால் ஈரிழையாக மாற்றப்படுகிறது. அதிலிருந்து முதலில் உருவாகும் புரதங்களுள் ஒன்றான ரெப், செல் பெருகாதபடி கட்டுப்படுத்தி வைக்கும் ரெட்டினோபிளாஸ்டோமா வகைப் புரதத்தைப் பற்றிக்கொள்ள, ஓய்ந்திருந்த செல் மீண்டும் படியெடுக்கும் நிலைக்குத் திரும்புகிறது. அதன்பின் ரெப், இக்குடும்ப வைரஸ்களில் பொதுவாக மாறாதிருக்கும் ஒன்பது எழுத்துத் தொடரில் ஓர் இழையை வெட்டுகிறது. வெட்டிய முனையிலிருந்து புதிய இழை வளர வளர, பழைய இழை வளையத்திலிருந்து உரிந்து, புதிய ஓரிழை வளையமாக விடுபடுகிறது. இரண்டாம் வளையம் தரும் புரதங்கள், வைரஸ் டி.என்.ஏ.வை உட்கருவிலிருந்து வெளியேற்றி, செல் சுவரின் நுண்துளைகள் வழியே அடுத்த செல்லுக்கு அனுப்புகின்றன.

அதே மாணவி: உறையைக் கோப்பது எது?

தனியாக எதுவுமில்லை. ஒரே வகைப் புரதத்தின் 110 பிரதிகள் உட்கருவில் தாமாகவே கூடி, முழுமையடையாத இருபது முகக் கூடுகள் இரண்டு ஒட்டிய இரட்டைத் துகளாகின்றன. இவ்வாறு தானே கோத்துக்கொள்ளும் தன்மையைப் புகையிலைத் தேமல் வைரஸில் 1955இல் ஆய்வாளர்கள் ஃப்ரேங்கல் கான்ராட்டும் வில்லியம்ஸும் காட்டினர். தனித்தனியே பிரித்த புரதத்தையும் ஆர்.என்.ஏ.வையும் சோதனைக் குழாயில் கலந்தபோது, நோய் உண்டாக்கவல்ல துகள்கள் மீண்டும் உருவாயின.

ஏற்காடு தோட்டக்காரர்: எங்கள் மிளகுக் கொடியைக் குட்டையாக்குவதும் இதே வைரஸா?

இல்லை. மிளகைத் தாக்கும் வைரஸ்களுள் ஒன்றான வெள்ளரித் தேமல் வைரஸ் ஆர்.என்.ஏ. வகையைச் சேர்ந்தது, தன் படியெடுக்கும் நொதிக்கான குறிப்பைத் தானே கொண்டுவந்து, உட்கருவுக்கு வெளியே பெருகுகிறது.

ஜவ்வரிசி ஆலைத் தொழிலாளி: தேமல் கண்ட செடியின் கிழங்கில் எடுத்த ஜவ்வரிசி உடம்பைக் கெடுக்குமா?

கெடுக்காது. இந்த வைரஸ் மனிதருக்கு நோய் உண்டாக்குவதில்லை. கிழங்கு விளைச்சல் குறைவதே இழப்பு.

வாழப்பாடி உழவர்: என் வயலுக்கு நோய் கரணையில் (நடவுக்கு வெட்டிய தண்டுத் துண்டில்) வந்ததா, ஈயால் வந்ததா?

கரணையின் சாற்றுக்குழாய் செல்களிலேயே வைரஸ் இருந்திருந்தால், முளைத்த முதல் இலைகளிலிருந்தே தேமல் தெரியும். அடி இலைகள் தெளிவாக இருந்து நுனி இலைகள் மட்டும் சுருங்கி மஞ்சள் திட்டுகள் கண்டால், பிற்பாடு வெள்ளை ஈ கொண்டுவந்தது எனக் கொள்ளலாம். இரண்டு வகைச் செடிகளிலிருந்தும் அடுத்த நடவுக்குக் கரணை எடுக்காதீர்கள்.