கச்சான் காற்றும் சின்ன விமானமும்: வாசகர் கேள்வி பதில்

போன இதழில் சிறிய விமானங்களைப் பற்றி எழுதியதற்கு நிறையக் கடிதங்கள் வந்தன. பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைத்தான் கேட்கின்றன: எப்படி இறக்குகிறார்கள்? மட்டக்களப்பில் பிறந்து, சின்ன விமானம் ஓட்டியும் ஓட்டக் கற்றுக்கொடுத்தும் காலம் கழித்தவன் என்பதால் இந்த முறை முழுக்க அதற்கே பதில் எழுதுகிறேன்.

திமிலைதீவு விமானத்தளத்துக்குப் பக்கத்தில் என் தங்கச்சி வீடு. அங்கே நின்றபோது ஒரு சின்ன விமானம் சக்கரம் தரையில் படப்போகிற அளவுக்கு வந்துவிட்டு, திடீரென்று பெரிய சத்தத்தோடு மேலே எழும்பி, ஒரு சுற்றுச் சுற்றி வந்து பிறகுதான் இறங்கியது. பார்த்தவர்கள் "ஓட்டத் தெரியாதவன்" என்று சிரித்தார்கள். உண்மையா ஐயா? (வாசகர், களுவாஞ்சிக்குடி)

இல்லை தம்பி. ஓட்டத் தெரிந்தவர் என்பதற்கு அதைவிட நல்ல அடையாளம் கிடையாது. அந்த விமானி அன்றைக்கு என்ன பார்த்தார் என்று எனக்குத் தெரியாது. ஓடுபாதையில் நாய் நின்றிருக்கலாம், வாவிப் பக்கமிருந்து கொக்குக் கூட்டம் எழும்பியிருக்கலாம், காற்று ஒருமுறை தள்ளிவிட்டிருக்கலாம். பெரும்பாலும் காரணம் இன்னும் சாதாரணமானது: வேகம் கொஞ்சம் கூடிப்போயிருக்கும்.

செஸ்னா 172 போன்ற நாலு இருக்கைச் சின்ன விமானம் ஏறத்தாழ 65 நொட் (மணிக்கு 120 கிலோமீற்றர் அளவு) வேகத்தில் இறங்க வரும். அது 72 நொட்டில் வந்தால் என்ன ஆகும்? வேகம் ஏறத்தாழ 11 வீதம்தான் கூடியிருக்கிறது, ஆனால் நிற்பதற்குத் தேவையான தூரம் ஏறத்தாழ 23 வீதம் கூடிவிடும், ஏனென்றால் கரைக்க வேண்டிய சக்தி வேகத்தின் வர்க்கத்தோடு ஏறுகிறது. அதோடு தரைக்கு மிகக் கிட்ட வந்ததும், அதாவது ஒரு இறக்கை நுனியிலிருந்து மறு நுனி வரையான நீளத்தை விடக் குறைந்த உயரத்துக்கு வந்ததும் (செஸ்னா 172க்கு அது 11 மீற்றர்), காற்றின் இழுவை குறைந்து விமானம் மிதக்கத் தொடங்கும். இறங்கவே மாட்டேன் என்று அடம்பிடிக்கும். கீழே ஓடுபாதை கழிந்துகொண்டே போகும். இந்த இடத்தில் மூக்கை அமுக்கிப் பலவந்தமாகத் தரையில் வைக்கப் பார்த்தவர்கள்தான் முன்சக்கரத்தை உடைத்தவர்கள்.

மேலே போவதும் லேசான வேலை இல்லை. முழு விசை கொடுத்தவுடன் மூக்கு தானாக மேலே தூக்கும், விமானம் இடப்பக்கம் இழுக்கும். கையால் முன்னுக்குத் தள்ளி, வலது காலால் மிதித்துப் பிடிக்க வேண்டும். இறக்கையின் பின்னால் தொங்கும் மடிப்புகளை ஒரேயடியாக மடக்கினால் விமானம் அமிழும், அதனால் படிப்படியாகத்தான் எடுக்க வேண்டும். இவ்வளவும் சில விநாடிகளுக்குள். என் மாணவர்களிடம் நான் எப்போதும் சொல்வது, ஒவ்வொரு முறையும் மேலே போகப் போகிறோம் என்று நினைத்தே வா, எல்லாம் சரியாக இருந்தால் மட்டும் இறங்கு என்று. அந்த விமானியைப் பார்த்துச் சிரித்தவர்களிடம் இதை நீங்கள் சொல்ல வேண்டும்.

ஆனி ஆடியில் கச்சான் அடிக்கும்போது கல்லடிப் பாலத்தில் சைக்கிள் ஓடவே முடியாது. விமானம் எப்படி? (ஆசிரியை, ஆரையம்பதி)

நல்ல கேள்வி ரீச்சர். கச்சான் உலக வானிலை அகராதிகளிலேயே இந்தப் பெயரோடு இருக்கிற காற்று, மட்டக்களப்பின் பெயரும் அதோடு சேர்ந்து அச்சாகியிருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு, இந்தப் பக்கம் இறங்கும்போது அமுங்கிச் சூடேறி, காய்ந்துபோய் நமக்கு வருகிறது. கடற்காற்றையே பின்னுக்குத் தள்ளிவிடும்.

சைக்கிளுக்கும் விமானத்துக்கும் ஒரு வித்தியாசம்: எதிர்க்காற்று விமானத்துக்கு நண்பன். மட்டக்களப்பு ஓடுபாதையின் இரு முனைகளிலும் 06, 24 என்று எழுதியிருக்கும், அதாவது திசைகாட்டியில் ஏறத்தாழ 60 பாகை, 240 பாகை. வடகிழக்கு, தென்மேற்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். வாடை அடித்தால் ஒரு முனையால் இறங்கலாம், கச்சான் அடித்தால் மற்ற முனையால். நம்முடைய இரண்டு பெரிய காற்றுகளும் ஏறக்குறைய ஓடுபாதையோடு ஒத்தே வருவது பெரிய வசதி.

அப்படியென்றால் கச்சானில் பிரச்சினை இல்லையா? இருக்கிறது. முதலாவது வெப்பம். 38 பாகை வெயிலில் காற்று மெலிந்துவிடும். நியமமான 15 பாகையை விட 23 பாகை கூட, ஒரு பாகைக்கு 120 அடி என்று கணக்குப் போட்டால் 2,760 அடி வரும். கடல்மட்டத்தில் நிற்கிற விமானம் கிட்டத்தட்ட 2,800 அடி உயர மலையில் நிற்பதுபோலத்தான் நடந்துகொள்ளும்: இயந்திரம் சோரும், எழும்ப ஓட வேண்டிய தூரம் கால்வாசி அளவு கூடும். அன்றைக்கு நாலு பேரை ஏற்றி எண்ணெயையும் முழுக்க நிரப்பிக்கொண்டு கிளம்புகிறவர் கணக்குப் பார்க்காதவர். இரண்டாவது, கச்சான் சீராக அடிப்பதில்லை, அடித்து அடித்து ஓயும். காற்று 15 நொட், இடையிடையே 25 என்றால், அந்த வித்தியாசத்தில் பாதியை, ஐந்து நொட்டை, இறங்கும் வேகத்தோடு கூட்டிக்கொள்வது வழக்கம். வீச்சு சட்டென்று ஓயும்போது இறக்கைக்கு அடியில் மிச்சம் ஏதாவது இருக்க வேண்டும் இல்லையா, அதற்காக.

குறுக்குக் காற்றுதான் உண்மையான சோதனை. முகத்துவாரத்தில் நீரோட்டத்தைக் குறுக்கே கடக்கிற தோணிக்காரரைப் பாருங்கள், எதிர்க்கரையை நோக்கி அணியத்தை வைக்க மாட்டார், ஓட்டம் வருகிற பக்கம் கொஞ்சம் சரித்து வைப்பார், தோணி நேராகப் போய்ச் சேரும். விமானியும் அப்படித்தான் மூக்கைக் காற்றுப் பக்கம் சரித்துக்கொண்டு நண்டுபோல வருவார். ஆனால் தோணிக்குச் சக்கரம் இல்லை. தரை தொடும் முன் காலால் மிதித்து மூக்கை ஓடுபாதையோடு நேராக்கி, காற்று வருகிற பக்கத்து இறக்கையைத் தாழ்த்திப் பிடித்து, அந்தப் பக்கச் சக்கரத்தை முதலில் வைக்க வேண்டும். நான் படித்த காலத்தில் ஒருநாள் அந்த மிதியைக் கொஞ்சம் பிந்தி மிதித்தேன். ரயர் கீச்சிட்டது, உடம்பு பக்கவாட்டில் பட்டியை இழுத்தது, சரி, நின்றுவிட்டோம். இறங்கியதும் ஆசிரியர் ஒன்றும் பேசாமல் குந்தி, என் விரலைப் பிடித்து ரயரின் விளிம்பில் வைத்தார். இறப்பர் சுருள் சுருளாக உரிந்து இன்னும் சூடாக இருந்தது. அந்தச் சூடு இன்றைக்கும் விரலில் இருக்கிறது.

செஸ்னா 172ஐச் சோதித்தவர்கள் செய்து காட்டியது 15 நொட் குறுக்குக் காற்று வரைதான். காற்று ஓடுபாதைக்கு 30 பாகை சரிந்து வந்தால் அதன் பாதி குறுக்கே தள்ளும், 45 பாகை என்றால் பத்தில் ஏழு பங்கு. இந்தக் கணக்கை மனதிலேயே போடப் பழக வேண்டும்.

நான் வாவியில் தொழில் செய்கிறவன். தண்ணீரில் இறங்குகிற விமானத்துக்கு விடியப்புறம் வாவி அசையாமல் கிடக்கும் நேரம்தானே நல்லது? (வாசகர், காத்தான்குடி)

எல்லாரும் அப்படித்தான் நினைப்பார்கள் காக்கா, விஷயம் நேர்மாறு. அசையாத தண்ணீர்தான் மிதவை விமானத்துக்கு மிக ஆபத்தானது. நீங்களே பார்த்திருப்பீர்கள், காற்றே இல்லாத விடியலில் வாவியைக் குனிந்து பார்த்தால் வானம்தான் தெரியும், மேகம் கீழே மிதக்கும், தண்ணீர் எங்கே தொடங்குகிறது என்று கண்ணுக்குப் பிடிபடாது. மேலிருந்து வருகிறவருக்கு அது உயிர்ப் பிரச்சினை. ஐம்பது அடியில் இருந்துகொண்டு ஐந்து அடி என்று நினைப்பார், அல்லது ஐந்து அடியில் இருந்துகொண்டு ஐம்பது என்று.

அதனால் அந்த நேரத்தில் கண்ணை நம்பக் கூடாது. கரையோரமாக, கண்டலும் தென்னையும் பக்கத்தில் தெரியும்படி வர வேண்டும். தாழ வந்ததும் மூக்கைச் சற்று உயர்த்தி, விசையைக் கொஞ்சம் விட்டுவைத்து, நிமிடத்துக்கு 150 அடிக்கு மேல் இறங்காதபடி நிலைநிறுத்தி, மிதவை தண்ணீரைத் தொடும்வரை எதையும் மாற்றாமல் காத்திருக்க வேண்டும். இப்போது தொடும், இப்போது தொடும் என்று கை பரபரக்கும், ஆனாலும் அசைக்கக் கூடாது. இதற்கு நீளமான தண்ணீர் வேண்டும். உங்களுக்குப் பிடித்த அந்த அமைதியை விட, சாரம் மடிப்புப்போலச் சின்னச் சின்ன அலை ஓடுகிற வாவியைத்தான் விமானி விரும்புவார். ஒரு தோணி குறுக்கே போய் அலை எழுப்பிவிட்டாலும் போதும், தண்ணீர் கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

நம் ஊர் வெயிலிலும் விமான இயந்திரத்துக்குள் பனிக்கட்டி பிடிக்கும் என்று படித்தேன். நம்பலாமா? (உயர்தர மாணவன், கல்முனை)

நம்பலாம். கார்புரேட்டருக்குள் பெற்றோல் ஆவியாகும்போதும், ஒடுங்கிய குழாயில் காற்று விரைந்து அழுத்தம் குறையும்போதும், வெப்பம் இருந்ததை விட 20 பாகைக்கு மேல்கூடக் குறைந்துவிடும். நம் கடலோரக் காற்றில் ஈரத்துக்குக் குறைவில்லை, அது உள்ளே உறைந்துவிடும். விசையைக் குறைத்துக்கொண்டு இறங்க வருகிற நேரம்தான் இதற்குத் தோதான நேரம். சூடான காற்றை உள்ளே விடும் பிடியை இழுத்தால் கட்டி உருகும், ஆனால் உருகும்போது இயந்திரம் இருமும். பயந்துபோய்ப் பிடியைத் திரும்பத் தள்ளிவிடுகிறவர்கள் உண்டு, தள்ளக் கூடாது. செஸ்னா கரவான் போன்ற விமானங்களில் உள்ள சுழலி இயந்திரங்களில் கார்புரேட்டரே இல்லை.

உலகத்திலேயே இறங்கக் கஷ்டமான இடம் எது? (வாசகர், அக்கரைப்பற்று)

ஒன்றைச் சொல்லச் சொன்னால் நேபாளத்தின் லுக்லாவைச் சொல்வேன். 2,845 மீற்றர் உயரத்தில், 527 மீற்றரே நீளமான, மேல்நோக்கி ஏறுகிற ஓடுபாதை. அதன் எண்ணும் 06, 24தான், மட்டக்களப்பைப் போலவே. இறங்குவது 06ஆல், எழும்புவது 24ஆல், காற்று எப்படி இருந்தாலும். முதல் கேள்வியில் நான் புகழ்ந்த அந்தத் திரும்ப மேலே போகிற வழி அங்கே கடைசிக் கட்டத்தில் கிடையாது, முன்னால் மலை நிற்கிறது. அதனால் முடிவை மிக முன்பே எடுத்துவிட வேண்டும்.

எனக்கு வயது 16, கண்ணாடி போடுகிறேன். விமானி ஆக முடியுமா? வீட்டில் செலவுக்குப் பயப்படுகிறார்கள். (மாணவி, திருக்கோவில்)

முடியும் மகள். கண்ணாடியோடு பார்வை தேவையான அளவுக்குச் சரியாக இருந்தால் தடை இல்லை, நிறங்களைப் பிரித்தறிவதையும் பார்ப்பார்கள். தனியார் விமானி உரிமத்துக்கு 17 வயது ஆக வேண்டும், தொழில்முறை உரிமத்துக்கு 18. பயிற்சிக்கு இரத்மலானைப் பக்கம் போக வேண்டியிருக்கும், செலவு பெரியதுதான், அம்மா அப்பாவின் பயம் நியாயமானது. ஒன்று மட்டும் செய்யுங்கள்: எந்தப் பள்ளியிலும் ஒரு சதம்கூடக் கட்டுவதற்கு முன், தொழில்முறை விமானிகளுக்கான முதலாம் தர மருத்துவப் பரிசோதனையை முடித்துவிடுங்கள். காசைக் கட்டிய பிறகு அதில் தவறிப்போன பிள்ளைகளை நான் கண்டிருக்கிறேன். அறிக்கை கைக்கு வந்ததும் எனக்கு இன்னொரு கடிதம் போடுங்கள், அடுத்த படியை எழுதுகிறேன்.