விரலில் சுத்தின துணி

(வாசகர் கவிதைகளும் டீச்சர் பதில்களும்)

*டீச்சர், நான் பாம்பன் சின்னப்பாலத்தில் இருக்கிறேன். பாசி எடுக்கப் போகிறவள். பிள்ளையின் பழைய நோட்டில் மிச்சம் கிடக்கும் தாளில் எழுதுவேன். இதைக் கவிதை என்று சொல்லலாமா? "சுத்தின", "காயல" எல்லாம் தப்புத் தமிழ் என்கிறாள் என் மகள்.*

*கடல் அன்னையே உன் மடியில்*
*கவலைகள் மறந்தேன் நான்*
*அலைகள் பாடும் தாலாட்டில்*
*அகிலமே உறங்குதம்மா*
*விரலில் சுத்தின துணி*
*மறுநாளும் காயல*
*அதையே சுத்திக்கிட்டு*
*மறுபடி இறங்குறேன்*

தங்கச்சி, உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். கடைசி நாலு வரியில் ஒவ்வொரு தடவையும் நின்றுவிட்டேன்.

முதல் நாலு வரியை எடுத்துவிடுங்கள். கடலைத் தாய் என்பதும் அலையைத் தாலாட்டு என்பதும் பொய்யில்லை. ஆனால் அதை எழுதக் கடலில் இறங்க வேண்டியதில்லை, கொடைக்கானலில் உட்கார்ந்துகொண்டும் எழுதலாம். பாறை கிழிக்காமல் இருக்கப் பழைய சேலையைக் கிழித்து ஒவ்வொரு விரலுக்கும் சுற்றி, முடிச்சைப் பல்லால் இழுத்துக் கட்டிக்கொண்டு இறங்குகிறவளுக்குத்தான் அந்தத் துணி காயாதது தெரியும். உப்பு ஏறிய துணி அப்படித்தான், வெயிலில் போட்டாலும் பிசுபிசுப்பு போகாது. மறுநாள் அதையே சுற்றும்போது விரலிடுக்கு எப்படி எரியும் என்று நீங்கள் சொல்லவே இல்லை. ஆனாலும் எனக்கு எரிந்தது.

மகளிடம் சொல்லுங்கள், பரீட்சைத் தாளில் அவள் "காயவில்லை" என்றே எழுதட்டும். இந்த வரிக்குள் "காயல" இருக்கட்டும். வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் இருக்கிறவள் அப்படித்தான் சொல்வாள்.

ஒரு ஆசை. நீங்கள் எடுக்கும் பாசி ஒன்றுக்கு மரிக்கொழுந்து என்று பெயர். மதுரைப் பக்கம் அந்தப் பெயரைச் சொன்னால் கதம்பத்தில் வைத்துக் கட்டும் வாசனைத் தழைதான் ஞாபகம் வரும். நீங்கள் சொல்லும் மரிக்கொழுந்து, முகத்தில் கண்ணாடி மாட்டி மூச்சை அடக்கிப் பாறையிலிருந்து பிய்த்தெடுப்பது. ஜெல்லி மாதிரி உறையவைக்கும் அகர் ஆகிற பாசி அது. நோன்பு திறக்கும் நேரத்தில் கீழக்கரை வீடுகளில் தட்டில் துண்டு துண்டாக வைக்கும் கடல்பாசி அந்த அகரில் செய்வதுதான். தலையில் ஒரு மரிக்கொழுந்து, தண்ணீருக்கடியில் ஒரு மரிக்கொழுந்து. இந்த ஒரு சொல்லை வைத்து அடுத்ததை எழுதுங்கள். நான் எழுதித் தரமாட்டேன், அது உங்களுடையது.

*ஆடி மாதம் எங்கள் கடற்கரையில் உட்கார்ந்து எழுதியது, டீச்சர். பிரசுரிப்பீர்களா? (பாம்பன் தெற்குவாடி, கல்லூரி மாணவன்)*

*மாலைத் தென்றல் மெல்ல வீச*
*மணலில் எழுதினேன் உன் பெயரை*
*அலை வந்து அழித்துப் போனது*

தம்பி, ஆடியில் தெற்குவாடியில் தென்றலா? தென்மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்றல்லவா அடிக்கும்! எனக்கு அந்தக் கரை நன்றாகத் தெரியும். அந்த மாதங்களில் தென்கடல் கொந்தளித்துக் கிடக்கும், வடகடல் குளம் போலக் கிடக்கும். வாடை தொடங்கினால் இரண்டும் இடம் மாறிக்கொள்ளும். பழைய பாம்பன் பாலத்தில் ரயில் ஓடிய காலத்தில், காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் சிக்னல் விழாது. எத்தனை பயணிகள் காத்திருந்தாலும் ரயில் நிற்க வேண்டியதுதான். ரயிலை நிறுத்திய காற்று அது. உங்கள் கவிதைக்குள் வந்ததும் ஏன் மெல்ல வீசுகிறது?

கச்சான் காலத்தில் மணல் முகத்தில் ஊசி மாதிரி அடிக்கும். சோற்றுத் தட்டை முந்தானையால் மூடிக்கொண்டு ஒவ்வொரு வாயாக அள்ளித் தின்ற ஊர்க்காரி நான். அந்தக் காற்றில் நீங்கள் ஒரு பெண்ணின் பெயரை மணலில் எழுதினால், அலை வரும்வரை அது இருக்காது. கடைசி எழுத்துக்குப் போகும்போது முதல் எழுத்து மூடியிருக்கும். அழித்துப் போகும் அலையைப் பல பேர் எழுதிவிட்டார்கள். முதல் எழுத்தை மூடும் காற்றை நான் இதுவரை யார் கவிதையிலும் படிக்கவில்லை. திருத்தி அனுப்புங்கள், இடம் வைத்திருக்கிறேன்.

*ஹைக்கூவில் 5-7-5 அசை கட்டாயமா? (தொண்டி)*

கட்டாயமில்லை. அந்த 17 ஜப்பானிய மொழியின் ஒலிக்கணக்கு. நம் அசை வேறு. "கருவாடு" நம் யாப்பில் மூன்று அசை, கரு-வா-டு. நெடிலை இரண்டாகக் கணக்கிடும் ஜப்பானியக் காதுக்கு அதுவே ஐந்து. மூன்று வரிக்குள் ஒரு காட்சி தெளிவாகத் தெரிந்தால் சரி.

*உச்சிப்புளியில் நாங்கள் எட்டுப் பேர் மாதம் ஒருநாள் கூடி, எழுதியதை வாசிக்கிறோம். யார் வாசித்தாலும் "அருமை" என்போம். போன மாதம் ஒருவர் ஒரு தம்பியின் கவிதையைக் கேட்டுவிட்டு "இது கவிதையே இல்லை" என்றார். அந்தத் தம்பி இந்த மாதம் வரவில்லை. பிறகு எப்படித்தான் கருத்துச் சொல்வது?*

என் இருபத்திரண்டு வயதில் நடந்ததைச் சொல்கிறேன். தனுஷ்கோடியைப் பற்றி நாற்பது வரியில் ஒரு கவிதை எழுதியிருந்தேன். ஊழிக்கூத்து, காலனின் கரங்கள், கண்ணீர்ச் சமுத்திரம் எல்லாம் அதில் இருந்தன. ஒரு பத்திரிகைக்கு அனுப்பினேன். "பயன்படுத்த இயலவில்லை" என்று அச்சடித்த சீட்டோடு திரும்பி வந்தது. ஏன் என்று ஒரு சொல் இல்லை. தோழிகளிடம் வாசித்தேன். அருமை என்றார்கள். அதிலும் எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

அப்புறம் பெரியம்மாவிடம் வாசித்தேன். 1964 டிசம்பர் 22 ராத்திரி அடித்த புயலில் தனுஷ்கோடியில் இருந்து உயிர் தப்பி மண்டபம் வந்தவர். தை மாதம், திண்ணையில் உட்கார்ந்து அவித்த பனங்கிழங்கைத் தோலுரித்துக்கொண்டிருந்தார். நாற்பது வரியையும் பொறுமையாகக் கேட்டார். கிழங்கின் நடுநரம்பை இழுத்துப் போட்டுவிட்டு, "அன்னைக்கு ராத்திரி என்ன சத்தம் கேட்டுச்சுன்னு இதுல இல்லையே தாயி?" என்றார்.

"என்ன சத்தம் பெரியம்மா? காத்தா?"

"காத்து பாட்டுக்கு அடிச்சுச்சு. வீட்டுக்குள்ள தண்ணி ஏறி, இருட்டுல பானையெல்லாம் மிதந்து ஒண்ணோட ஒண்ணு முட்டுச்சு. டொக்கு டொக்குன்னு. இப்பவும் பானை முட்டுனா எனக்குத் தூக்கம் போயிரும்."

நாற்பது வரியையும் அடித்துவிட்டு அந்தப் பானைச் சத்தத்தை மட்டும் ஆறு வரியில் எழுதினேன். மறுபடி வாசித்துக் காட்டினேன். பெரியம்மா ஒன்றும் சொல்லவில்லை. ஒரு கிழங்கைப் பிட்டு என் கையில் வைத்தார்.

அவர் பள்ளிக்கூடம் போனவரில்லை. நல்லது கெட்டது என்று தீர்ப்புச் சொல்லாமல், தனக்கு எது வேண்டியிருந்ததோ அதைக் கேட்டார். உங்கள் எட்டுப் பேரிடமும் அதைத்தான் கேட்டுக்கொள்கிறேன். ஒருவர் வாசித்து முடித்ததும், காதில் நின்ற வரியைத் திருப்பிச் சொல்லுங்கள். எந்த வரியும் நிற்கவில்லையென்றால் அவர் பார்த்ததைப் பற்றி ஒரு கேள்வி கேளுங்கள். எந்த மரம், எந்த நேரம், பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று எதுவானாலும் சரி. கேட்டால் அவரே சொல்ல ஆரம்பிப்பார். கவிதையில் விட்டுப்போனது பேச்சில் வந்து விழும். அதை உடனே எழுதச் சொல்லுங்கள்.

அந்தத் தம்பிக்குத் தபால் போடாதீர்கள். யாராவது ஒருவர் அவன் வீட்டுக்கே போங்கள். எட்டுப் பேரில் ஒருவருக்காவது அவன் வரி ஒன்று ஞாபகம் இருக்கும், அதைச் சொல்லிவிட்டுக் கையோடு கூட்டி வாருங்கள்.

*சாயல்குடி பக்கம் எங்கள் ஊர். அப்பா பனையேறுகிறவர். நான் பதினொன்றாம் வகுப்பு. தலைப்பு: பனையும் தந்தையும்.*

*அப்பா இறங்கி வந்தார்*
*நெஞ்சில் மரத்தின் வரி*
*மரத்தில் அப்பாவின் வரி*

தலைப்பை மட்டும் எடுத்துவிட்டேன், கண்ணு. மூன்று வரியிலும் கைவைக்க எனக்கு மனம் வரவில்லை. பதநீர்க் காலத்தில் காலையும் மாலையும் மரத்தைக் கட்டிப்பிடித்து ஏறி இறங்கி, நெஞ்சில் தோல் காய்த்துப்போன ஆட்களை நான் பார்த்திருக்கிறேன். மரத்திலும் அந்த ஆளின் தடம் விழுந்திருக்கும் என்று நீ சொல்லித்தான் எனக்குத் தெரிகிறது.

இதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினாயா? கடிதத்தில் அதைப் பற்றி ஒன்றும் இல்லை. காட்டிவிட்டு, அவர் என்ன சொன்னார் என்று ஒரு கார்டு போடு.