வக்கீல் வேலை எனக்கு ஒத்துவருமா? – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

பந்தலூர் பக்கம் ஒரு எஸ்டேட் தொழிலாளர் லைன் வீட்டிலிருந்து எழுதுகிறேன். ஊட்டி அரசு கலைக் கல்லூரியில் பி.காம். கடைசி வருஷம். சின்ன வயசிலிருந்தே "இவ வாய்க்கு வக்கீலுக்குத்தான் போகணும்" என்று சொல்லிச் சொல்லி, எனக்கும் அந்த ஆசை வந்துவிட்டது. மூன்று வருஷ சட்டப் படிப்புக்கு விண்ணப்பிக்கலாம் என்றிருக்கிறேன். அப்பாவோ பி.எட். படி, டீச்சர் வேலைதான் நிம்மதி என்கிறார். "முதல் அஞ்சு வருஷம் வக்கீலுக்குப் பட்டினிதான்" என்கிறார் மாமா. எனக்கு இங்கிலீஷ் சரளமாக வராது. கோர்ட்டில் பொம்பளைப் பிள்ளை தாக்குப்பிடிக்க முடியாது என்றும் சொல்கிறார்கள்.

எங்கள் பக்கம் செக்‌ஷன் 17 நிலத்தில் பட்டா இல்லாமல் இருக்கிற சனங்களுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று மனசில் இருக்கிறது. போன வருஷம் அப்பா ரிட்டயர் ஆனபோது கிராஜுவிட்டி கணக்கில் வேலைக்குச் சேர்ந்தது 1998 என்று போட்டிருந்தார்கள். வீட்டில் தேடியதில் 1991 என்று பி.எஃப். சீட்டு ஒன்று கிடைத்தது. மனு எழுதிக் கொடுத்தோம், சரிசெய்தார்கள். இந்தப் படிப்பு எனக்கு ஒத்துவருமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

க., பந்தலூர்

அன்புள்ள க.,

போகிற போக்கில் நீங்கள் சொல்லிவிட்டுப் போன விஷயத்தைத்தான் நான் முதலில் பிடித்துக்கொள்கிறேன். அப்பாவின் கிராஜுவிட்டி. வருஷத்துக்குப் பதினைந்து நாள் சம்பளம் என்பது கணக்கு. ஏழு வருஷம் விட்டுப்போனால் 105 நாள் சம்பளம் போயிற்று. லைன் வீட்டில் அது எவ்வளவு பெரிய தொகை என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டாம். அந்தத் தாளில் இருந்த வருஷத்தை நீங்கள் அப்படியே நம்பவில்லை. வேறு தாள் இருக்குமா என்று தேடினீர்கள். கிடைத்ததும் சத்தம் போடப் போகாமல் மனு எழுதி, கொடுக்க வேண்டிய இடத்தில் கொடுத்தீர்கள். வக்கீல் வேலையில் பெரும்பகுதி இதுதான். உங்களுக்கு வாய் இருக்கிறது என்று ஊர் சொல்கிறது. எனக்கு உங்கள்மேல் நம்பிக்கை வந்தது அந்த பி.எஃப். சீட்டைப் படித்தபோது.

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். கோர்ட்டில் அது பாதி உண்மை. குன்னூரில் நான் கருப்பு கோட்டு போட்டு நடந்த காலத்தில் ஒரு நாளில் வாய் திறந்து பேசியது சில நிமிஷம்தான் இருக்கும். பத்தரைக்கு கோர்ட் கூடும். வரிசையாக கேஸைக் கூப்பிடுவார்கள். எதிர்தரப்பு வக்கீல் வரவில்லை, வாய்தா. சாட்சி வரவில்லை, வாய்தா. ஒரு வரி சொல்லத் தயாராகி வந்து, அதைச் சொல்லாமலே திரும்ப வேண்டியிருக்கும். மீதி நேரம் முழுக்கப் படிப்பு, எழுத்து, நகல் மனு, கட்சிக்காரரிடம் கேள்வி கேட்பது. நன்றாகப் பேசுகிறேன் என்பதற்காக மட்டும் இந்தத் தொழிலுக்கு வந்த பலர் இரண்டாம் வருஷத்திலேயே சோர்ந்துபோனதைப் பார்த்திருக்கிறேன்.

வேலை எப்படி இருக்கும் என்று ஒன்றைக் காட்டுகிறேன். மழைக்காலத்தில் ஒரு பாட்டி மஞ்சள் பையோடு சீனியர் ஆபீஸுக்கு வந்தார். நிலத் தகராறு. பையைக் கவிழ்த்தால் கிஸ்தி என்கிற நிலவரி ரசீதுகள், பழைய ரேஷன் கார்டு, பேரனின் தடுப்பூசி அட்டை, யாரோ வீட்டுக் கல்யாணப் பத்திரிகை, நடுவில் ஒரு கிரயப் பத்திரம். நம் மலை ஈரம் உங்களுக்குத் தெரியும். பத்திரத்தின் பக்கங்கள் பூஞ்சை பிடித்து ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. ஜூனியர்களிடம்தான் அந்த வேலை வரும். ஹீட்டர் பக்கத்தில் வைத்து, தாளைக் கிழிக்காமல் ஒவ்வொன்றாகப் பிரித்து, தேதிவாரியாக அடுக்க வேண்டும். அடுக்கும்போதுதான் நடுவில் நான்கு வருஷத்துக்கு ரசீதே இல்லை என்பது தெரிந்தது. "அந்த வருஷம் யார் பாட்டி வரி கட்டினது?" என்று கேட்டதும் அவர் முகம் மாறியது. அந்த நான்கு வருஷம் நிலத்தை வைத்திருந்தது தம்பி. எதிர்க்கட்சி அதே தம்பிதான். கேஸின் உயிரே அந்த இடைவெளியில் இருந்தது. பாட்டி அதைச் சொல்லாமல் விட்டதற்குக் காரணம் அவமானம்.

இப்படி ஒரு மாலை முழுக்க ஈரத் தாளோடு உட்காருவது உங்களுக்கு அலுப்பாக இருக்குமா, உள்ளுக்குள் ஒரு சுறுசுறுப்பு வருமா? ஒத்துவருமா என்ற கேள்விக்கு என்னிடம் இருக்கும் பெரிய அளவுகோல் இதுதான்.

இதைவிடக் கடினமானது ஒன்று இருக்கிறது. நம்பி வந்தவரிடம் "உங்கள் பக்கம் கேஸ் இல்லை" என்று சொல்ல வேண்டிய நாள் வரும். அழுவார்கள், கோபப்படுவார்கள், அடுத்த தெரு வக்கீலிடம் போவார்கள். அவர் கேஸ் எடுத்துக்கொள்ளவும் செய்வார். அப்படியும் சொல்லத்தான் வேண்டும். எதிர்க்கட்சி சொல்வதிலும் நியாயம் இருக்கலாம் என்று தெரிந்துகொண்டே நம் கட்சிக்காரருக்காக முழு மூச்சாக நிற்கவும் வேண்டும். இது எல்லாருக்கும் வருவதில்லை. வராதவர்கள் கெட்டவர்கள் என்று சொல்ல மாட்டேன், ஆனால் இந்தத் தொழில் அவர்களைத் தின்றுவிடும்.

அடுத்து உங்கள் ஊர் விஷயம். இதை எழுதும்போது எனக்கே உற்சாகம் வருகிறது. நாம் பேச்சு வழக்கில் செக்‌ஷன் 17 என்கிறோமே, அது 1969-ஆம் வருஷத்து கூடலூர் ஜன்ம எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்தின் பதினேழாம் பிரிவு, தோட்டக் குத்தகை நிலங்களைப் பற்றியது. நிலம்பூர் கோவிலகம் என்ற அரச குடும்பத்தின் ஜன்ம நிலங்களை, அதாவது பரம்பரை உரிமை நிலங்களை, அரசு எடுத்துக்கொள்ளக் கொண்டுவந்த சட்டம். தோட்டக் கம்பெனிகள் வழக்குப் போட்டு, 1972-இல் உச்ச நீதிமன்றம் காடுகளை எடுத்துக்கொள்ளும் பகுதி செல்லாது என்றது. 1974-இல் அரசியலமைப்பைத் திருத்தி, கோர்ட் தொட முடியாத ஒன்பதாம் அட்டவணைக்குள் இந்தச் சட்டத்தைக் கொண்டுபோய் வைத்தார்கள். அதை எதிர்த்துப் போனதுதான் ஐ.ஆர். கொயலோ வழக்கு. 2007 ஜனவரி 11 அன்று ஒன்பது நீதிபதிகள் தீர்ப்பு சொன்னார்கள்: 1973 ஏப்ரல் 24-க்குப் பிறகு அந்த அட்டவணையில் சேர்த்த எந்தச் சட்டத்தையும், அது அரசியலமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பை, அதாவது திருத்தம் போட்டும் மாற்ற முடியாத ஆதாரக் கொள்கைகளைக் குலைக்கிறதா என்று கோர்ட் பார்க்கலாம். அப்புறம் கோதவர்மன் வழக்கு. கூடலூர் பக்கம் மரம் வெட்டுவதைத் தடுக்கச் சொல்லி, அதே கோவிலகத்தைச் சேர்ந்த டி.என். கோதவர்மன் திருமுல்பாடு 1995-இல் போட்டது. 1996 டிசம்பர் 12 உத்தரவு, நிலம் யார் பெயரில் இருந்தாலும் காடாக இருப்பது காடுதான் என்று சொல்லி நாடு முழுக்க வனச் சட்டத்தையே மாற்றிவிட்டது. இன்றைக்கும் அந்த வழக்கின் பெயரில் உத்தரவு வருகிறது.

இந்தியாவில் எந்த மூலையில் சட்டம் படித்தாலும் இந்த இரண்டு வழக்கும் பாடத்தில் வரும். இரண்டும் உங்கள் வீட்டிலிருந்து பஸ் பிடித்துப் போகிற தூரத்து நிலத்தில் முளைத்தவை. ஆனால் வருஷங்களைக் கூட்டிப் பாருங்கள். 1969-இல் போட்ட சட்டத்தைப் பற்றிய கேள்விக்கு 2007-இல் பதில். அந்த நிலத்தில் குடியிருக்கிற உங்கள் அண்டை வீட்டாருக்கு இன்னும் பட்டா இல்லை. சனங்களுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்ற உங்கள் எண்ணத்தை நான் மதிக்கிறேன். அந்த எண்ணத்தை இருபது முப்பது வருஷம் அணையாமல் வைத்திருக்க வேண்டியிருக்கும். நடுநடுவே கிடைக்கும் வெற்றி சின்னதாகவே இருக்கும்: ஒருவருக்கு மின் இணைப்பு, ஒருவருக்கு ஒரு தடையாணை, ஒரு பணியர் பழங்குடிக் குடும்பத்துக்கு வன உரிமைச் சட்டத்தில் ஒரு துண்டு நிலம். இவற்றைச் சின்னது என்று நினைக்காத மனசு இருந்தால் வாருங்கள். இந்த மலைக்கு, இங்கேயே பிறந்து இந்த நிலத்தின் கதை தெரிந்த வக்கீல்கள் மிகவும் தேவை.

பணம். மாமா சொல்வதைத் தள்ளிவிடாதீர்கள், அது உண்மைக்குப் பக்கத்தில் இருக்கிறது. அரசு சட்டக் கல்லூரியில் கட்டணம் பெரிய பாரமாக இருக்காது. தமிழ்நாட்டுக்குள் உங்களுக்குக் கிட்ட இருப்பது கோவை மருதமலைப் பக்கம் இருக்கிற கல்லூரி, அங்கே தங்குகிற செலவுதான் கடிக்கும். படித்து முடித்து வக்கீலாக பார் கவுன்சிலில் பதிவு செய்யப் பல மாநிலங்களில் ஆயிரக்கணக்கில் வாங்கிக்கொண்டிருந்தார்கள். சட்டத்தில் உள்ளபடி 750 ரூபாய், எஸ்.சி., எஸ்.டி. என்றால் 125 ரூபாய், அதற்குமேல் பதிவுக் கட்டணம் வாங்கக் கூடாது என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதோடு அகில இந்திய பார் தேர்வும் எழுத வேண்டும்.

சிக்கல் அதற்கப்புறம்தான். ஜூனியர்களுக்கு சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000, மற்ற ஊர்களில் 15,000 ரூபாயாவது கொடுக்க வேண்டும் என்று 2024-இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. அதை நம்பி வீட்டுக் கணக்கு போடாதீர்கள். பஸ் காசும் மத்தியானச் சாப்பாடும் கொடுத்தால் போதும் என்று நினைக்கிற ஆபீஸ்கள் இன்னும் இருக்கின்றன. சீனியரிடம் சேரும் அன்றே "மாசம் என்ன கொடுப்பீங்க சார்?" என்று கேட்டுவிடுங்கள். கேட்பதில் தப்பே இல்லை. படிப்புக்கு மூன்று வருஷம், ஜூனியராக மூன்று வருஷம், ஆக ஆறு வருஷம் உங்கள் வருமானம் இல்லாமல் வீடு ஓடுமா? இதை அப்பாவோடு உட்கார்ந்து தாளில் எழுதிப் பாருங்கள். ஓடாது என்றால் ஒரு வேலையில் சேர்ந்து, கொஞ்சம் சேர்த்துக்கொண்டு பிறகு வரலாம். சட்டம் படிக்க வந்தவர்களில் முப்பது, நாற்பது வயதுக்காரர்கள் எத்தனையோ பேர். ஜட்ஜ் ஆகிவிடலாம் என்ற குறுக்கு வழியும் இப்போது இல்லை. சிவில் ஜட்ஜ் தேர்வு எழுத மூன்று வருஷம் வக்கீலாக இருந்திருக்க வேண்டும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் திரும்பவும் கொண்டுவந்துவிட்டது.

கல்லூரிக்கே போக வேண்டாம், பக்கத்து மாநிலத்தில் பட்டம் வாங்கித் தருகிறேன் என்று யாராவது வருவார்கள். பக்கத்திலேயே சேர்க்காதீர்கள்.

இங்கிலீஷ் பற்றி இந்த அளவுக்குப் பயம் வேண்டாம். கீழ்க்கோர்ட்டுகளில் சாட்சியம், தீர்ப்பு எல்லாம் தமிழில் நடக்கச் சட்டம் இருக்கிறது. உயர் நீதிமன்றத்தில் ஆங்கிலம்தான், அங்கே போக வேண்டுமென்றால் கற்றுக்கொள்ளத்தான் வேண்டும். பேசுகிற ஆங்கிலத்தைவிட இதற்குத் தேவை படிக்கிற ஆங்கிலம். தினம் ஒரு தீர்ப்பிலிருந்து இரண்டு பக்கம், அகராதியோடு. முதல் மாசம் தலை வலிக்கும், பிறகு பழகும்.

பொம்பளைப் பிள்ளை தாக்குப்பிடிக்குமா என்பவர்களுக்கு: ஊட்டியில் 2022-இல் திறந்த புதிய கோர்ட் வளாகத்தில் பெண் வக்கீல்களுக்குக் கழிப்பறை வசதி சரியில்லை என்ற புகார் அடுத்த வருஷமே உச்ச நீதிமன்றம் வரை போனது. கொண்டுபோனவர்கள் நம் நீலகிரியின் பெண் வக்கீல்கள். இப்படிப்பட்ட விஷயத்துக்குக்கூட டெல்லி வரை போக வேண்டியிருந்ததே என்று எனக்கு இன்றும் வயிறு எரிகிறது. ஆனால் போனார்கள். உங்களுக்கு முன்னால் நிற்பது அவர்கள்.

என் கருத்து கேட்டீர்கள். வீட்டுக் கணக்கு இடம் கொடுத்தால் போங்கள் என்றே சொல்வேன். அதற்கு முன்னால் இரண்டு காரியம் செய்யுங்கள். கோர்ட் எல்லாருக்கும் திறந்த இடம், யாரும் போய்ப் பின் பெஞ்சில் உட்காரலாம். பரீட்சை முடிந்ததும் பந்தலூரிலோ கூடலூரிலோ ஒரு வாரம் காலையிலிருந்து சாயங்காலம் வரை உட்காருங்கள். பரபரப்பான கொலை கேஸ் தேட வேண்டாம், சாதாரண சிவில் வாய்தாக்களைப் பாருங்கள். வெளியே மரத்தடியில் வக்கீல் குமாஸ்தாக்கள் என்ன செய்கிறார்கள் என்றும் பாருங்கள், அவர்களுக்குத் தெரிந்த சட்டம் பல ஜூனியர்களுக்குத் தெரியாது. இரண்டாவது, சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் சட்டத் தன்னார்வலர்களை எடுப்பார்கள். அதற்குச் சட்டப் பட்டம் தேவையில்லை. பயிற்சி கொடுத்து, மனு எழுத உதவவும் இலவச சட்ட உதவி கிடைக்கும் என்று சனங்களிடம் சொல்லவும் அனுப்புவார்கள். பெண்களுக்கும் எஸ்.சி., எஸ்.டி. மக்களுக்கும் வருமானம் எவ்வளவு இருந்தாலும் அந்த உதவி உண்டு என்பதே உங்கள் லைனில் பாதிப் பேருக்குத் தெரிந்திருக்காது. ஊட்டியில் மாவட்ட ஆணைக்குழு அலுவலகத்தில் அறிவிப்பு எப்போது என்று விசாரியுங்கள்.

பி.எட். விண்ணப்பத்தையும் போட்டு வையுங்கள், அப்பாவிடம் அதை வைத்துச் சண்டை வேண்டாம். நிம்மதி என்று அவர் சொல்வதற்குப் பின்னால் எஸ்டேட்டில் அவர் கழித்த வருஷங்கள் இருக்கின்றன. முடிந்தால் அந்த ஒரு வாரத்தில் ஒரு நாள் அவரையும் கோர்ட்டுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். என்ன பார்த்தீர்கள் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா